பேச்சு பறிபோன ஊர்: 'பஃபி' தொடரின் 'ஹஷ்' எபிசோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பஃபி' தொடரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் 'ஹஷ்' வந்துவிடும். பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி ஒரு விதம், பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் கேட்பது இன்னொரு விதம். அதனால் விமர்சனத்தையே கேள்வி பதிலாக எழுதிவிட்டேன். முதல் மூன்று கேள்விகளில் ஸ்பாய்லர் கிடையாது. நான்காவதிலிருந்து கதை முழுக்க வெளியே வந்துவிடும், சொல்லிவிட்டேன்.

இது எந்தத் தொடர், எந்த எபிசோட்?

'பஃபி தி வேம்பயர் ஸ்லேயர்'. அமெரிக்காவின் டபிள்யூபி சேனலில் 1997 மார்ச்சில் தொடங்கியது. கடைசி இரண்டு சீசன்கள் யுபிஎன் சேனலுக்குப் போய், 2003 மே மாதம் முடிந்தது. மொத்தம் ஏழு சீசன், 144 எபிசோட். கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊருக்கு அடியில் நரகத்தின் வாசல் இருக்கிறது, அதனால் பேய் பிசாசுகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றை வேட்டையாடும் பொறுப்பு பஃபி என்ற பெண்ணின் தலையில் விழுகிறது. பஃபியாக நடித்தவர் சாரா மிஷெல் கெல்லர். 'ஹஷ்' நான்காவது சீசனின் 10-வது எபிசோட். 1999 டிசம்பர் 14 அன்று ஒளிபரப்பானது. எழுதியதும் இயக்கியதும் தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன்.

முதல் மூன்று சீசன் பார்க்காமல் இதை மட்டும் பார்க்கலாமா?

பார்க்கலாம். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். பஃபியும் அவள் தோழி வில்லோவும் இப்போது கல்லூரியில் முதலாண்டு, ஒரே விடுதி அறை. வில்லோ மந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஸாண்டர் கல்லூரிக்குப் போகாத நண்பன், அவனுடைய காதலி ஆன்யா ஒரு காலத்தில் பிசாசாக இருந்தவள், மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைப்பவள். ஜைல்ஸ் பஃபியின் வழிகாட்டி, புத்தகப் புழு, இங்கிலாந்துக்காரர். ஸ்பைக் என்ற ரத்தக்காட்டேரியின் தலைக்குள் ஒரு சிப் வைத்துவிட்டார்கள், அதனால் மனிதர்களைத் தொட்டால் அவனுக்கே வலிக்கும். அப்புறம் ரைலி. பஃபிக்குப் பிடித்த பையன். பகலில் உளவியல் பேராசிரியையின் உதவியாளர், இரவில் கல்லூரிக்கு அடியில் இயங்கும் ரகசிய ராணுவப் பிரிவில் வீரன். அவள் வேட்டைக்காரி என்று அவனுக்குத் தெரியாது, அவன் சிப்பாய் என்று அவளுக்குத் தெரியாது. இவ்வளவு போதும்.

கல்லூரிக்கு வந்த பிறகும் இதை டீன் தொடர் என்று சொல்லலாமா?

தாராளமாக. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வீட்டைவிட்டு வெளியே வந்து, யாரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று திணறுகிற கதைதான் இந்த சீசன் முழுக்க. பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

கதைச் சுருக்கம் சொல்லுங்களேன்.

வகுப்பில் தூங்கிவிடும் பஃபிக்கு ஒரு கனவு. மரப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி பயமுறுத்தும் பாட்டு பாடுகிறாள். அன்று இரவு ஊர் மணிக்கூண்டில் அதே போன்ற பெட்டி திறக்கிறது. தூங்குபவர்களின் வாயிலிருந்து வெண்புகை போல ஏதோ கிளம்பி அந்தப் பெட்டிக்குள் போய் அடைகிறது. விடிந்தால் ஊரில் ஒருவருக்கும் குரல் இல்லை. பிறகு 'ஜென்டில்மென்' என்று அழைக்கப்படுபவர்கள் தரையில் கால் படாமல் மிதந்து வருகிறார்கள். அவர்களுக்கு ஏழு இதயங்கள் வேண்டும். ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு அறுவைக் கத்தியால் எடுக்கிறார்கள். கத்தக்கூட முடியாது. மனிதக் குரலின் அலறல் ஒன்றுதான் அவர்களைக் கொல்லும், அதனால்தான் முதல் வேலையாகக் குரலைத் திருடினார்கள். கடைசியில் மணிக்கூண்டில் பஃபியும் ரைலியும் தனித்தனியாக வந்து மோதி, பெட்டி உடைந்து, பஃபி போடும் அலறலில் அவர்களுடைய தலைகள் வெடிக்கின்றன.

முழுக்க வசனமே இல்லையா? சப்டைட்டில் தேவைப்படுமா?

தொடக்கத்தில் பேசுகிறார்கள், நிறையவே பேசுகிறார்கள். அதற்குப் பிறகு குரல் போய், முடிவில் திரும்ப வருகிறது. சுமார் 44 நிமிட எபிசோடில் பாதிக்கும் மேல் உரையாடல் கிடையாது. முதல் கால் மணி நேரத்துக்கும் கடைசி சில நிமிடங்களுக்கும் சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பலகையிலும் தாளிலும் எழுதிக் காட்டுவதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எதற்காக இப்படி ஒரு பரிசோதனை?

'பஃபி' அன்று பேர் வாங்கியதே அதன் வசனத்தால்தான். அந்தப் பாராட்டு திரும்பத் திரும்ப வந்ததால், வசனம் இல்லாமல் படம்பிடித்துக் கதை சொல்ல முடிகிறதா என்று தன்னையே சோதித்துக்கொள்ள இதை எழுதியதாக வீடன் சொல்லியிருக்கிறார்.

இதை வெறும் வித்தை என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் என் கருத்து. குரல் போவதற்கு முன்னால் வரும் காட்சிகளைக் கவனியுங்கள். பஃபியும் ரைலியும் முத்தமிடும் தூரத்தில் நின்றுகொண்டு எதையாவது உளறித் தள்ளிப்போடுகிறார்கள். 'உனக்கு என்மேல் உண்மையிலேயே என்ன?' என்று ஆன்யா கேட்டால் ஸாண்டர் நழுவுகிறான். மந்திரம் பழக வந்த மாணவிகள் குழு பலகாரம் செய்து விற்று நிதி திரட்டுவதைப் பற்றியே பேசித் தீர்க்கிறது. இத்தனை பேரும் பேசுவது எதையோ சொல்லாமல் இருப்பதற்காக. பேச்சைப் பிடுங்கிக்கொண்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் கதையே. அன்று இரவு வெறிச்சோடிய தெருவில் பஃபியும் ரைலியும் எதிர்ப்படுகிறார்கள். கட்டிக்கொள்கிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். அதுவரை நடக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஜென்டில்மென் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்? அந்தத் தொடரில் எத்தனையோ பேய்கள் வந்ததே.

மரியாதை தெரிந்தவர்களாக இருப்பதால். கறுப்பு கோட்டு சூட்டு, வழுக்கைத் தலை, வெளிறிப்போன முகம், உலோகப் பற்கள், மாறாத புன்னகை. பெரிய ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் தலையசைத்து, 'நீங்கள் முதலில்' என்று கையைக் காட்டி வழிவிட்டுக்கொள்கிறார்கள். எடுத்த இதயத்தை ஜாடியில் போட்டதும் மற்றவர்கள் மெல்லக் கைதட்டிப் பாராட்டுகிறார்கள். ஆளைப் பிடிப்பது, இழுப்பது மாதிரியான அழுக்கு வேலையெல்லாம் கூட வரும் அடியாட்களுக்கு. அவர்கள் கட்டு அவிழ்ந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி உடையில், குரங்கு மாதிரி தாவித் தாவி வருகிறார்கள். மேலே மிதப்பவர்கள் அவசரமே படுவதில்லை. ஓடுகிற பேயைவிட அவசரப்படாத பேய்க்குத்தான் எனக்குப் பயம் அதிகம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். விடுதி அறையில் ஒரு மாணவன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறக்கிறான். அடியாட்கள் அவனைக் கட்டிலில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கத்தியோடு ஒருவர் புன்னகைத்தபடியே குனிகிறார். மாணவன் வாயை அகலத் திறந்து அலறுகிறான், ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த அறையில் ஆள் இருக்கிறது, வெளியே தாழ்வாரம் இருக்கிறது, உதவி பத்தடி தூரத்தில்தான். ரத்தத்தைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால் இதில் பாதிப் பயம்கூட வந்திருக்காது.

இதற்கு முக்கியக் காரணம் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸை நம்பாமல் நடிகர்களை நம்பியது. முன்னணியில் வருபவர்கள் டக் ஜோன்ஸ், கேம்டன் டாய் இருவரும். உடல் அசைவாலேயே பயமுறுத்தத் தெரிந்தவர்கள். டக் ஜோன்ஸ் பிற்பாடு கியர்மோ டெல் டோரோ படங்களில் விசித்திர உருவங்களாக நடித்து உலகப் புகழ் பெற்றவர். அன்று போட்ட மேக்கப் இன்று பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை. அதே சீசனின் மற்ற எபிசோடுகளில் வரும் கிராஃபிக்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

இது திகில் எபிசோடா, காமெடி எபிசோடா?

என்னைக் கேட்டால் காமெடிதான் இதன் முதுகெலும்பு. குரல் போனதும் வில்லோ முதலில் தனக்குக் காது செவிடாகிவிட்டது என்று நினைத்துப் பதறுகிறாள். ரைலியின் ரகசிய முகாம் லிஃப்ட் குரல் கடவுச்சொல் கேட்டு அடம்பிடிக்கிறது. தெருவில் ஒருவர் எழுதுபலகை விற்கக் கிளம்பிவிடுகிறார். ஊரே மௌனத்தில் தவிக்கும்போது வியாபாரம் மட்டும் நடக்கிறது.

உச்சம், ஜைல்ஸ் வகுப்பறையில் எடுக்கும் பாடம். காலியான பெரிய வகுப்பறை, ஓவர்ஹெட் புரொஜெக்டர், டேப் ரெக்கார்டரில் பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் 'டான்ஸ் மகாப்' இசை. முதல் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டு, சரி செய்துகொண்டு, தான் வரைந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். படங்களில் வரும் ரத்தத்தின் அளவு அந்தச் சாதுவான மனிதருக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தவில்லை. ஆன்யா பாப்கார்ன் கொறித்துக்கொண்டே பார்க்கிறாள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு வில்லோ தன் நெஞ்சைத் தொட்டுக் காட்ட, ஸாண்டர் வேறெதையோ நினைத்து உதட்டை அசைக்கிறான். ஆப்பால் குத்திக் கொல்லலாமா என்று கேட்க பஃபி கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுகிறாள். அது வேறு ஏதோ அர்த்தத்தில் விழுந்து எல்லோரும் திகைக்க, அவசரமாகப் பையிலிருந்து ஆப்பை எடுத்துக் காட்டிச் சமாளிக்கிறாள். கடைசித் தாளில் பஃபியையே வரைந்திருக்கிறார். ஊருக்கு ஆபத்து வந்திருக்கும் அந்த நேரத்திலும், இடுப்பை இவ்வளவு பெரிதாகவா வரைவது என்று பஃபிக்கு ஒரு முகச்சுளிப்பு.

கதையின் விதிகள் அத்தனையும் இந்த ஒரே காட்சியில் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகின்றன. பேய்த் தொடர்களில் வழக்கமாக இந்த இடத்தில் யாராவது பழைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி வரும்வரை வாசிப்பார்கள். அதே வேலையை இங்கே சிரிக்க வைத்தே முடித்துவிடுகிறார்கள்.

அலறல்தான் ஆயுதம் என்றால், பதிவு செய்த அலறலைப் போட்டுவிட வேண்டியதுதானே?

வில்லோவுக்கும் அதே யோசனை வருகிறது, ஒரு சிடியை எடுத்துக் காட்டுகிறாள். நிஜ மனிதக் குரல்தான் செல்லும் என்று ஜைல்ஸ் மறுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தேவதைக் கதையின் விதி அப்படி, அவ்வளவுதான்.

வில்லோ, டாரா இருவரும் சந்திக்கும் எபிசோட் இதுதானா?

ஆமாம், டாராவாக ஆம்பர் பென்சன் முதன்முதலில் தோன்றுவது இதில்தான். எபிசோடின் மிக நல்ல பகுதியும் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

டாராவுக்குத் திக்குவாய். மந்திரக் குழுவின் கூட்டத்தில் ஏதோ சொல்ல வருகிறாள், எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அடங்கிப்போகிறாள். ஊருக்கே பேச்சு போன பிறகு மற்றவர்கள் தவிக்கிறார்கள், அவள் மட்டும் மந்திரப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு, முன்பின் பேசிப் பழகாத வில்லோவைத் தேடி இரவில் தனியாகக் கிளம்புகிறாள். பேசுவது யாருக்குக் கஷ்டமோ அவள்தான் முதலில் செயலில் இறங்குகிறாள். இதை வசனமாக யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது.

வழியில் ஜென்டில்மென் அவளைத் துரத்துகிறார்கள், துரத்தல் விடுதிக்குள் தொடர்கிறது. டாரா கதவு கதவாகத் தட்டுகிறாள், பயத்தில் ஒருவரும் திறப்பதில்லை. கடைசியில் வில்லோவும் அவளும் துணி துவைக்கும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துகிறார்கள். அங்கே ஒரு குளிர்பான இயந்திரம். அதை மந்திரத்தால் நகர்த்திக் கதவை அடைக்க வில்லோ முயல்கிறாள், அது லேசாக ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. டாரா அவளைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருக்கும் கையைப் பார்க்கிறாள், விரல்களைக் கோத்துக்கொள்கிறாள். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்ப, இயந்திரம் பறந்துபோய்க் கதவில் மோதி நிற்கிறது. காமிரா அந்தக் கைகளில் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது.

இந்த இருவரின் உறவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண்–பெண் காதலை நீண்ட நாள் தொடர்ந்து காட்டிய ஆரம்பக் கதைகளில் ஒன்று. அவர்கள் திரையில் முதன்முதலில் முத்தமிட்டுக்கொள்வது 2001-இல்தான். ஆனால் எல்லாம் தொடங்கியது துணி துவைக்கும் அறையில். டாராவுக்குப் பிற்பாடு என்ன ஆகிறது என்பதைப் பார்க்காதவர்களிடம் சொல்ல மாட்டேன். பார்த்தவர்களுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

குறையே இல்லையா?

இருக்கிறது. முதல் குறை, அந்தப் பேராசிரியையின் வகுப்பு. மொழி வேறு, கருத்துப் பரிமாற்றம் வேறு என்று எபிசோடின் சாரத்தைத் தொடக்கத்திலேயே பாடமாக நடத்திவிடுகிறார். வசனமே வேண்டாம் என்று துணிந்த ஒருவர், பார்ப்பவர்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று பயந்த இடம் அது.

இரண்டாவது, ஒலிவியா. ஜைல்ஸைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வருகிறார், ஜன்னலுக்கு வெளியே மிதக்கும் உருவத்தைப் பார்த்துப் பயப்படுகிறார், இதெல்லாம் எனக்குத் தாங்காது என்ற தோரணையில் ஒதுங்கிவிடுகிறார். பிறகு ஒரு கனவுக் காட்சியில் தலைகாட்டுவதோடு சரி. பயந்து காட்டுவதற்கென்றே அழைத்துவரப்பட்ட பாத்திரம்.

மூன்றாவது குறை ரைலி. இதை ரசிகர்களிடம் சொன்னால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள், பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். மார்க் பிளூகாஸ் மோசமாக நடிக்கவில்லை, பாத்திரம்தான் சப்பென்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தொடர் முழுவதிலும் அவன் எனக்குப் பிடித்துப்போவது பேசாத இந்த எபிசோடில்தான். மணிக்கூண்டில் பெட்டியை உடை என்று பஃபி சைகை காட்டுகிறாள். அவன் பக்கத்தில் இருக்கும் ஜாடியை உடைத்துவிட்டு, எப்படி என்பது போலப் பெருமையாக நிற்கிறான். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஸாண்டர்–ஆன்யா கதை என்ன ஆகிறது?

தூங்கிக்கொண்டிருக்கும் ஆன்யாவை ஸ்பைக் கடித்துவிட்டான் என்று தப்பாக நினைத்து ஸாண்டர் அவனைப் புரட்டி எடுக்கிறான். ஸ்பைக் வாயில் இருந்தது கோப்பையில் குடித்த ரத்தம். ஆன்யா கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அடுத்து அவள் காட்டும் சைகையைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் நெளிய வேண்டிவரும்.

பின்னணி இசை பற்றிச் சொல்லவே இல்லையே?

கிறிஸ்டோஃப் பெக். மௌனப் படம் என்று சொல்கிறோம், உண்மையில் எபிசோடின் சுமையில் பாதி இவர் தோளில். ஜென்டில்மென் மிதந்து வரும் இடங்களில் கோரஸ் குரல்கள் ஒலிப்பதைக் கவனியுங்கள்: ஊரில் யாருக்கும் இல்லாத குரல் இசையில் மட்டும் கேட்கிறது. ஹெட்போன் போட்டுக் கேட்க வேண்டியது.

விருது ஏதும் வாங்கியதா?

2000-ஆம் ஆண்டு எம்மி விருதுகளில் நாடகத் தொடருக்கான சிறந்த எழுத்துப் பிரிவில் பரிந்துரை கிடைத்தது. ஏழு சீசனில் அந்தப் பிரிவில் இந்தத் தொடருக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை. பேச்சே இல்லாததுக்கு எழுத்துக்கான அங்கீகாரமா என்று கேலி செய்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் திரைக்கதை என்றால் என்னவென்று தெரியவில்லை. விருது 'தி வெஸ்ட் விங்' தொடருக்குப் போனது.

ஜாஸ் வீடன் மீதான குற்றச்சாட்டுகளுக்குப் பிறகும் இதை ரசிக்கலாமா?

2021-இல், தொடரின் முதல் மூன்று சீசன்களில் நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர், படப்பிடிப்பில் வீடன் தன்னை மோசமாக நடத்தினார் என்று வெளிப்படையாக எழுதினார். ஆம்பர் பென்சன் அவருக்கு ஆதரவாகப் பேசினார். தன் பெயரை வீடனின் பெயரோடு என்றென்றும் சேர்த்துப் பேசுவதை விரும்பவில்லை என்று சாரா மிஷெல் கெல்லரும் அறிக்கை விட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. பாராட்டை இயக்குநர் ஒருவரின் கணக்கில் மட்டும் எழுதாமல் இருப்பது அதைவிட நல்லது. வசனமில்லாத எபிசோடைத் தாங்குவது நடிகர்களின் முகமும் உடலும்தான், இசையும் மேக்கப்பும்தான். பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒருவர் ஒதுங்கினால் அதிலும் தப்பில்லை.

முடிவு எனக்குப் புரியவில்லை. திடீரென்று நின்றுவிடுகிறதே?

மணிக்கூண்டில் இருவரின் ரகசியமும் வெளிப்பட்டுவிட்டது. மறுநாள் ரைலி அவள் அறைக்கு வருகிறான். நாம் பேச வேண்டும் என்கிறான், ஆமாம் என்கிறாள். எதிரெதிர்க் கட்டிலில் உட்காருகிறார்கள், குரல் இருக்கிறது, வார்த்தை வரவில்லை. அப்படியே வெட்டிவிடுகிறார்கள். அடுத்த எபிசோடில் பேசிக்கொள்கிறார்கள், அது ஒன்றும் பிரமாதமாக இருக்காது.

மதிப்பெண் போடுங்கள்.

பத்துக்கு ஒன்பது. குறைத்த ஒன்று பேராசிரியையின் பாடத்துக்கு.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

இதே தொடரின் ஆறாவது சீசனில் 'ஒன்ஸ் மோர் வித் ஃபீலிங்', 2001 நவம்பரில் வந்தது. அதில் ஊர் முழுக்கப் பாட ஆரம்பித்துவிடுகிறது, மனசுக்குள் இருப்பதெல்லாம் பாட்டாகக் கொட்டிவிடுகிறது, யாராலும் அடக்க முடியவில்லை. ஆனால் 'ஹஷ்' போலத் தனியாக எடுத்துப் பார்த்தால் முழு ருசி கிடைக்காது. யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அந்தப் பாட்டுகள் உறைக்கும். ஐந்தாவது சீசனையாவது முடித்துவிட்டுப் போங்கள். ஐந்தாவதில் 'தி பாடி' என்று ஒன்று வரும். அதில் பின்னணி இசையே கிடையாது. அதைப் பார்த்த கையோடு வேறு எதையும் போடாதீர்கள்.